ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் எது?

கேள்வி: கோத்தகிரிப் பேரன்

என் தாத்தாவும் அப்பாயியும் இலங்கையில் அட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்திய, இலங்கை அரசுகளுக்கிடையே கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்று, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பா அப்போது சிறுவர். நான் கோத்தகிரியில் பிறந்தேன். இப்போது கோவையில் வேலை பார்க்கிறேன்.

எனக்குப் பெண் பார்க்கிறார்கள். பேச்சைத் தொடங்கும் எவரும் முதலில் சொந்த ஊரையும் குலதெய்வத்தையும்தான் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் வந்தபோது எங்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையில் எழுதியிருக்கும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தையே சொல்லும்படி அப்பா வற்புறுத்துகிறார். அந்த ஊரில் எங்களை அறிந்தவர் ஒருவரும் இல்லை. எங்களுக்கு அங்கே ஒரு முழ நிலமும் இல்லை. வீட்டிலோ இன்றும் பாலில்லாத தேத்தண்ணியைத்தான் குடிக்கிறோம். அப்பா சீனியை அதில் கலக்க மாட்டார். உள்ளங்கையில் கொட்டி வைத்துக்கொண்டு, ஒரு வாய் குடித்ததும் சிறிது நக்கிக்கொள்வார். வெளியாட்கள் வந்துவிட்டால் மட்டும் அம்மா அவசரமாகப் பால் காய்ச்சுவார்.

ஒருவரை இன்னார் என்று ஆக்குவது பரம்பரையா, வளர்த்த வீடா, வாழ்கின்ற ஊரா? பெண் வீட்டாரிடம் எதைச் சொல்வது நேர்மையாக இருக்கும்?

மறுமொழி 1: மலைநாட்டு ஆசிரியர் (நுவரெலியா மாவட்டம்)

தம்பி, உங்களிடம் பெண் வீட்டார் கேட்கும் கேள்வியை இரண்டு அரசாங்கங்கள் எங்களிடம் முன்பே கேட்டுவிட்டன. பதிலையும் அவையே எழுதிக்கொண்டன. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்த இலட்சக்கணக்கானவர்களை, பாட்டனின் ஊர் கடலுக்கு அப்பால் இருக்கிறது என்ற காரணத்தால் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒப்பந்தம் அவர்களை 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மீதியிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கப்பலேறியவர்களுக்கு இந்தியாவில் கொடுத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’ என்பதாகும். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை கண்ணால் பார்த்தேயிராத மண்ணுக்கு எப்படித் திரும்பினார்கள் என்று அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இனி, எங்களை உருவாக்கியது எது என்பதற்கு வருகிறேன். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் என்று வெவ்வேறு வட்டாரங்களிலிருந்து கங்காணிமார், அதாவது ஆள்சேர்த்து வேலை வாங்கும் மேற்பார்வையாளர்கள், திரட்டிக்கொண்டு வந்தவர்கள், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் வரிசையாக அமைந்த லயங்களில் சுவரோடு சுவராகத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். விடியுமுன் தப்பொலி கேட்டு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றதும், கங்காணி காட்டிய நிரையில் கொழுந்து பறித்ததும், பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறியதும், மாசி மாதத்தில் காமன் கூத்து நடத்தியதும் சேர்ந்துதான் ஒரு பேச்சையும் ஒரு பழக்கத்தையும் ஒரு மக்களையும் உண்டாக்கின. கூத்தும் தெய்வமும் சோழநாட்டிலிருந்தும் பாண்டிநாட்டிலிருந்தும் வந்தவைதாம், மறுக்கவில்லை; ஆனால் அவற்றைக் கொண்டுவந்தவர்கள் இங்கே வேறொரு வாழ்க்கையைத் தொடங்கினார்கள். குடிசன மதிப்பீடு 1911 முதல் எங்களை ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாக எழுதிவந்தபோதிலும், நாங்கள் எங்களை மலையகத் தமிழர் என்றே சொல்லிக்கொள்கிறோம். 2023-இல், முன்னோர் இலங்கைக்கு வந்த இருநூறு ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் வந்த வழியில் நடந்தவர்களும் அந்தப் பெயரைத்தான் முன்வைத்தார்கள்.

ஆகவே உங்கள் குடும்பத்தின் ஊர் அந்தத் தோட்டம் என்பேன். புதுக்கோட்டைக் கிராமம் உங்களுடைய பூர்வீகம். அதற்கு மேல் அதற்கு உரிமை கிடையாது.

மறுமொழி 2: கூடலூர் மலர்

ஆசிரியர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் லயத்து வாழ்க்கை எல்லோரையும் ஒரே மக்களாக்கியது என்ற இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. கங்காணி தன் ஊரிலிருந்தும் தன் சாதியிலிருந்தும்தான் முதலில் ஆள் சேர்த்தார். பல தோட்டங்களில் லயங்களே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்ததாக என் அம்மாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடல் தாண்டியும் மறக்காமல் கொண்டுபோய், திரும்பும்போதும் மறக்காமல் கொண்டுவந்த சரக்கு அது. பெண் வீட்டார் சொந்த ஊரையும் குலதெய்வத்தையும் கேட்பது எதற்காக என்று உங்களுக்கும் தெரியும், உங்கள் அப்பாவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். வம்பு வேண்டாம் என்றுதான் அவர் புதுக்கோட்டையைச் சொல்லச் சொல்கிறார்.

அவரைக் குறைசொல்லத் தோன்றவில்லை. நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்களைப் பெயர் சொல்லி அழைத்தவர்களைவிடச் ‘சிலோன்காரர்’ என்று அழைத்தவர்களே அதிகம். சாதிச் சான்றிதழுக்குப் போனபோது, பாட்டனுடைய ஊரில் விசாரித்து எழுதி வாங்கிவரும்படி ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஊரிலோ உங்களை எங்களுக்குத் தெரியாது என்றார்கள். இப்படி அலைந்தவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது ஒன்றுதான்: வாயைத் திறக்காதே. விருந்தாளி வரும்போது உங்கள் அம்மா பால் காய்ச்சுவதும் அதே பாடத்தின் ஒரு பகுதி. பண்பாடு என்றால் கூத்தையும் பலகாரத்தையும் மட்டும் எண்ணுகிறோம், ஆனால் எதை மறைக்க வேண்டும் என்ற பயிற்சியும் தாய்ப்பாலோடு ஊட்டப்படுகிறது. ஒருவருடைய குணத்தில் ஆழமாகப் பதிவதும் அதுவே என்று நினைக்கிறேன்.

மறுமொழி 3: சுள்ளியா ரப்பர்

உங்களுடைய முதல் கேள்விக்கு எங்கள் குடும்பமே ஒரு சோதனைச்சாலை. அப்பாயியோடு சேர்த்து உடன்பிறந்தவர்கள் மூவர். மூத்தவருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்ததால் பொகவந்தலாவையில் தங்கிவிட்டார். இளையவருக்கு நீலகிரித் தேயிலை. எங்களைக் கர்நாடகத்தில் தென்கன்னட மாவட்டத்துச் சுள்ளியாவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கேரளத்தில் புனலூர் ரப்பருக்கும் தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கும் போனவர்களும் உண்டு. ஒரே வயிற்றுப் பிள்ளைகளை அவரவர் கையிலிருந்த காகிதம் பிரித்து அனுப்பியது.

இன்று மூன்று வீட்டுப் பேரப்பிள்ளைகளும் அலைபேசியில் பேசிக்கொள்கிறோம். எல்லோர் வீட்டிலும் தேங்காய் ரொட்டியும் சம்பலும் உண்டு. சாவு வீட்டில் செய்யும் சடங்குகளும் அநேகமாக ஒன்றே. மற்றபடி ஒற்றுமை குறைவு. நான் கன்னடவழியில் படித்தேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதே வேலைக்குப் போன பிறகுதான். என் அக்காள் மகனுக்குக் கோபம் வந்தால் துளுவில்தான் திட்டுவான். நீலகிரி மச்சான் தமிழ்நாட்டு அரசியலைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை. பொகவந்தலாவை அண்ணன் இலங்கைக் கிரிக்கெட் அணி தோற்றால் இரண்டு நாள் எங்களோடு பேச மாட்டார், அதுவும் இந்தியாவிடம் தோற்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் சம்பளத்தைப் பற்றியோ சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்குவதைப் பற்றியோ பேச்சு வந்துவிட்டால் மூன்று பேர் குரலிலும் ஒரே பதற்றத்தைக் கேட்கலாம். தலைமுறைகளாகத் தோட்டத்துக்குச் சொந்தமான அறையில் குடியிருந்து, வேலை போனால் வீடும் போகும் என்று அறிந்தவர்களின் வளர்ப்பு அது. மொழியையும் விசுவாசத்தையும் பள்ளியும் ஊரும் மாற்றிவிட்டன. இந்தப் பயத்தை மட்டும் வீடு கையளித்துவிட்டது.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரிப் பேரன்

மூவருக்கும் நன்றி. மலர் அக்கா எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை, ‘உன் விருப்பப்படி சொல், ஆனால் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடு’ என்றார். இலங்கையில் பிறந்து ஒப்பந்தத்தில் வந்த குடும்பம், புதுக்கோட்டை பூர்வீகம் மட்டுமே என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதாக இருக்கிறேன். அவர்கள் சாதியைத் தோண்டினால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

மறுமொழி 4: கூடலூர் மலர்

அதைத் தோண்டுகிற வீடாக இருந்தால் நிச்சயத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லது. இதற்கிடையே ஒரு வேலை செய்யுங்கள். தாத்தா பிறந்த தோட்டத்தின் பெயரையும் தோட்டத்துக்குள் அவர் இருந்த பிரிவான டிவிசனின் பெயரையும் அப்பாவிடம் கேட்டுச் சரியான எழுத்தில் எழுதி வையுங்கள், பழைய குடும்ப அட்டையையும் ஒளிநகல் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாயியின் பிறப்புப் பதிவைத் தேடத் தொடங்கியபோது எங்களுக்குத் தோட்டத்தின் பெயர் மட்டுமே தெரிந்திருந்தது. அதே பெயரில் இரண்டு தோட்டங்கள் இருந்தன.