வீட்டில் போட்டோ பிரிண்ட்: மை காய்ந்த கதைகள்

எங்கள் வீட்டுக்கு இதுவரை மூன்று பிரிண்டர்கள் வந்திருக்கின்றன. முதல் இரண்டும் ஓடித் தேயவில்லை. ஒன்று மைச்செலவு கட்டுப்படியாகாமல் போனது, மற்றது சும்மா இருந்தே கெட்டுப்போனது. போட்டோ அடிக்க ஒரு பிரிண்டர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவுமே என்று அந்தக் கதையை எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கதையும் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கார்ட்ரிட்ஜ் போடும் சாதாரண இங்க்ஜெட். பிரிண்டர் இவ்வளவு மலிவா என்று வாய்பிளந்து வாங்கினோம். மகளின் முதல் பிறந்தநாள் படங்களை ஒரே ராத்திரியில் இருபத்தைந்துக்குக் குறையாமல் அடித்திருப்போம். கடைசிப் படங்களில் எல்லா முகமும் பச்சை பூத்துப்போய் வந்தது. மெஜந்தா (இளஞ்சிவப்பு மை) தீர்ந்துவிட்டது. மஞ்சளும் சயானும் (நீல மை) மிச்சம் இருந்தன, ஆனால் மூன்றும் ஒரே கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பதால் ஒன்று தீர்ந்தால் மூன்றையும் தூக்கிப்போட வேண்டியதுதான். கலரும் கருப்பும் சேர்த்து விலை கேட்டால் பிரிண்டர் வாங்கிய காசுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பெட்டியோடு வரும் கார்ட்ரிட்ஜில், பல மாடல்களில், தனியாக விற்பதைவிடக் குறைவான மைதான் இருக்கும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

சூடு கண்ட பூனை அல்லவா, அடுத்ததாக இங்க்டேங்க் வாங்கினோம். பாட்டிலில் இருந்து மை ஊற்றிக்கொள்ளலாம். ஒரு படத்துக்கு ஆகும் மைச்செலவு, பழைய கார்ட்ரிட்ஜை நினைத்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் நாங்கள் போட்டோ அடிப்பதே வருடத்துக்கு நாலைந்து தடவைதான். ஒருமுறை இரண்டு மாதம் கழித்து அடித்தபோது வானம் வரி வரியாக வந்தது. மை வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்க நாஸில் செக் என்று ஒரு சோதனைத் தாள் அடிப்போம் அல்லவா, ஒவ்வொரு நிறத்திலும் குட்டிப் படிக்கட்டு மாதிரி கோடுகள் விழும். எங்கள் தாளில் சயான் படிக்கட்டில் பாதிப் படிகளைக் காணோம். ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் ஹெட்டை, மையை உறிஞ்சிப் பிரிண்டரே சுத்தம் செய்துகொள்வது) கொடுத்தேன், ஆறு படி திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தேன், வந்த ஆறில் இரண்டு போனது. சாயங்காலத்துக்குள் டேங்கில் மை கண்ணுக்குத் தெரிந்தே இறங்கியிருந்தது. கிளீனிங்கில் உறிஞ்சப்படும் மை எங்கும் மாயமாவதில்லை. அடியில் இருக்கும் பஞ்சு மெத்தைக்குப் போகிறது. அந்த மெத்தை எவ்வளவு குடித்தது என்று பிரிண்டர் கணக்கு வைத்திருக்கும், அளவு நிரம்பினால் வேலைநிறுத்தம். எங்களுடையது கடைசியில் அப்படித்தான் நின்றது.

என் தப்பும் இதில் உண்டு. ராத்திரி சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுக்கிற பழக்கம் எனக்கு. பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தினால் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டு அப்புறம்தான் அணையும். வேலை முடிவதற்குள் சுவரில் அணைத்தால் அது மூடாமலே நடுவழியில் நின்றுவிடும். தலைமுடியைவிட மெல்லிய துளைகள், திறந்து கிடந்தால் எத்தனை நாள் தாங்கும்?

இப்போது இருப்பது டை-சப் வகை. கேனானின் செல்ஃபி வரிசை இந்த வகைதான். (பெயரைக் கேட்டுவிட்டு, தன்னைத் தானே படம் எடுக்கிற மெஷின் என்று நினைத்தார் என் மாமியார்.) திரவ மையே கிடையாது. ரிப்பனில் சாயம் உலர்ந்த நிலையில் இருக்கும், சூடு பட்டதும் ஆவியாகித் தாளில் இறங்கும். முதல் நாள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். தாள் முதலில் எட்டிப் பார்த்தபோது மஞ்சளாக ஒரு பேய் உருவம் மட்டும் இருந்தது. உள்ளே போய் மெஜந்தாவோடு வந்தபோது காமாலைக்குக் காய்ச்சலும் சேர்ந்த மாதிரி ஒரு முகம். மூன்றாவது முறை சயான் ஏறியதும் "அட, பாட்டி!" என்று மகள் கத்தினாள். நான்காவது முறை நிறம் ஏதும் இல்லை, மேல்பூச்சு மட்டும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். எடுத்த கையோடு ஆல்பத்தில் வைக்கலாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். 4x6 அங்குலம்தான் பெரியது, அதற்கு மேல் வராது. தாளும் ரிப்பனும் ஒரே கட்டாக வாங்க வேண்டும். 108 தாளுக்கு மூன்று ரிப்பன், ஒவ்வொன்றிலும் 36 படம். வெள்ளைப் பின்னணியில் ஒரு சின்னப் பூ அடித்தாலும் ஒரு முழுப் படத்துக்கான ரிப்பன் போய்விடும். ஆனால் கணக்கு நேரானது: கட்டின் விலையை 108-ஆல் வகுத்தால் ஒரு படத்தின் செலவு. கிளீனிங்குக்கு எவ்வளவு போயிற்று என்ற மர்மம் இல்லை. ஆறு மாதம் அலமாரியில் கிடந்துவிட்டு வந்தாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை.

* * *

நீங்கள் எழுதியதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன், மீதிக்குச் சண்டை போடுகிறேன். இங்க்டேங்க் மேல் பழி போடாதீர்கள். எங்கள் வீட்டில் ஆறு நிற டேங்க் பிரிண்டர் நான்காவது வருடமாக ஓடுகிறது. ரகசியம் ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு படமாவது அடிப்பேன். அந்த வாரத்தில் எடுத்த நல்ல படம் ஒன்று, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பழையது இறங்கிப் புதியது ஏறும். மாதம் நாலு படத்துக்கு ஆகும் மை, ஒரு ஹெட் கிளீனிங்குக்கு ஆகும் மையைவிடப் பெரிதாக இருக்காது என்று நினைக்கிறேன்.

வாங்கும்போது நிறங்களை எண்ணிப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. நாலு நிற டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கருப்பு மட்டும் பிக்மென்ட் (கரையாத நுண்துகள் கொண்ட மை), மற்ற மூன்றும் டை (கரைந்த சாயம்). பிக்மென்ட் கருப்பு சாதாரணத் தாளில் எழுத்துக்கு அருமை, பளபளப்பான போட்டோ தாளில் ஒட்டாது. அதனால் போட்டோ தாள் என்று தேர்ந்தெடுத்தால் அந்தப் பிரிண்டர்கள் கருப்பை மூன்று நிறங்களைக் கலந்தே உண்டாக்கும். தலைமுடி லேசாகப் பழுப்படித்து வருவது அதனால்தான். எனக்கு முதலில் இது தெரியாமல் கருப்பு டேங்க் மட்டும் குறையவே இல்லையே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்! எப்சனின் எல்805 போன்ற ஆறு நிறக்காரர்களிடம் வெளிர் சயான், வெளிர் மெஜந்தா இரண்டும் கூடுதல். கன்னத்திலும் வானத்திலும் புள்ளி தெரியாமல் நிறம் இறங்குவது அவற்றால்தான். கேனானின் ஜி570-இல் அதற்குப் பதிலாக சிவப்பும் சாம்பலும் இருக்கும், கருப்பு-வெள்ளைப் படங்களுக்கு அந்தச் சாம்பல் கைகொடுக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எல்805-க்கு 5760, செல்ஃபிக்கு வெறும் 300. ஆனால் முன்னது சொட்டுகளின் கணக்கு, பல சொட்டு சேர்ந்துதான் ஒரு நிறச்சாயல் கிடைக்கும். டை-சப்பில் ஒவ்வொரு புள்ளியுமே ஒவ்வொரு நிறத்திலும் 256 சாயல் காட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கை தூரத்தில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

* * *

சின்னதாக ஒன்று, சிரிக்காதீர்கள். அலுவலக வேலைக்கு வாங்கிய லேசர் பிரிண்டரில், இங்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளைப் போட்டுவிட்டேன். அந்தத் தாளின் மேல் இருப்பது பிளாஸ்டிக் பூச்சு. லேசரில் பொடியை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃப்யூசர் உருளையோ தோசைக்கல் சூட்டில் இருப்பது. பூச்சு உருகி உருளையில் அப்பிக்கொண்டது. தாளைப் பிடுங்கியபோது படத்தில் பாதி என் கையில், பாதி உருளையில். ஃப்யூசரையே மாற்ற வேண்டியதாயிற்று. லேசருக்கென்று தனியாகப் பளபளப்புத் தாள் வருகிறது, அதில் அடித்தாலும் போட்டோ என்று சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. மை காயாது என்பதற்காக லேசர் வாங்க நினைப்பவர்கள் எழுத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

* * *

பிரிண்டரைத் திட்டுவதற்கு முன்னால் படத்தையும் கொஞ்சம் பாருங்கள் என்பேன். அப்பாவின் பழைய படம் ஒன்று, வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்தது. பிரிண்டர் சரியில்லை என்று இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஃபைலைப் பார்த்தால் அகலம் அறுநூறு பிக்சல்தான். 4x6-க்கு 1200-க்கு 1800 பிக்சல் வேண்டும், அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில். அண்ணனிடம் மூலப் படத்தையே டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். அதே பிரிண்டர், அதே தாள், அப்பாவின் சட்டைப் பித்தான்கூடத் தெரிந்தது.

தலை வெட்டுப்படும் விஷயமும் அப்படித்தான். போன் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் எடுக்கிறது, 4x6 தாள் 3:2. படத்தை ஆறு அங்குலத்துக்கு நீட்டினால் உயரம் நாலரை அங்குலம் ஆகிவிடும், தாளில் இருப்பதோ நாலு. அந்த அரை அங்குலத்தில்தான் பின்வரிசையில் நிற்கும் உயரமானவர்களின் நெற்றி போகிறது. குரூப் போட்டோ எடுக்கும்போது தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள், இல்லையென்றால் வெள்ளை ஓரத்தோடு முழுப்படமாக அடியுங்கள்.

அப்புறம், என் இங்க்ஜெட் படங்களை அடித்த உடனே கண்ணாடி ஃபிரேமில் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் கண்ணாடியின் உள்பக்கம் பனி மூட்டம். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் மையின் ஈரம் வெளியேற நேரம் எடுக்கும். இப்போது ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துவிட்டுத்தான் ஃபிரேமில் போடுகிறேன்.

* * *

முதலில் எழுதியவன்தான், மறுபடி வந்திருக்கிறேன். தனிச்செய்தியில் ஒருவர், பாக்கெட்டில் போடுகிற குட்டிப் பிரிண்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். எச்பி ஸ்ப்ராக்கெட் போன்றவை ஜிங்க் தாளில் அடிப்பவை. மை தனியாக இல்லை, நிறம் தாளுக்குள்ளேயே இருக்கிறது, சூடுபட்டால் வெளிப்படும். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுவதற்கு ஜாலியானவை. ஆனால் 2x3 அங்குலப் படத்தை ஆல்பத்துக்கு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பருக்கு: உங்கள் வாதத்துக்குத் தலைவணங்குகிறேன். வாரா வாரம் அடிக்கிறவர் என்றால் எனக்கும் ஆறு நிற டேங்க்தான் தோன்றும், ஏ4 அளவுகூட அதில் அடிக்கலாம். என்னை மாதிரி நினைத்தபோது அடிக்கிற சோம்பேறிக்கு டை-சப். வருடத்துக்கு இருபது படத்துக்கு மேல் தாண்டாது என்றால் ஸ்டுடியோவில் கொடுத்து வாங்கிக்கொள்வதே மலிவு, எந்தப் பிரிண்டரும் வேண்டாம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தீர்ந்த டை-சப் ரிப்பனை அப்படியே குப்பையில் போடாதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிரித்துப் பார்த்தேன், அடித்த 36 படமும் நெகட்டிவ் மாதிரி வரிசையாகத் தெரிகின்றன, மூன்று நிறத்திலும் தனித்தனியாக. மகளின் பாஸ்போர்ட் படமும் அதில் இருந்தது. இப்போது கத்தரித்துத் துண்டாக்கிவிட்டுத்தான் போடுகிறேன்.