எஸ்ரா பவுண்டோட மெட்ரோ கவிதைல ஹைக்கூ இருக்கா? அமெரிக்காவுக்கு ஜப்பான் குடுத்தது என்ன?

பழையகுளம்:
நேத்து ராத்திரி ஒரு நண்பரோட போன்ல சண்டை போடாத குறை. அமெரிக்கக் கவிதைமேல ஹைக்கூவோட தாக்கம்ங்கிறதே ஊதிப் பெருசாக்குன கதை, நாலு பேரு ஃபேஷனுக்கு மூணு வரி எழுதிப் பாத்தாங்க அவ்ளோதான்ங்கிறாரு. என்னால ஒத்துக்கவே முடியல, அதான் இங்க கொண்டு வரேன்.

1913 ஏப்ரல்ல சிகாகோவோட 'பொயட்ரி' பத்திரிகைல அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டு 'இன் எ ஸ்டேஷன் ஆஃப் த மெட்ரோ'ன்னு ஒரு கவிதை போட்டாரு. பாரிஸ்ல கான்கார்ட் ஸ்டேஷன்ல ரயில விட்டு எறங்குறப்ப கூட்டத்துல ஒரு அழகான முகம், அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் ஒரு குழந்தை முகம்னு வரிசையா பாக்குறாரு, அத சொல்ல வார்த்தையே அகப்படல. மொதல்ல 30 வரி எழுதி அழிச்சுட்டாரு. ஆறு மாசம் கழிச்சு அதுல பாதி நீளம். அதுக்கும் ஒரு வருஷம் கழிச்சுதான் இப்ப இருக்கிற ரெண்டு வரி: கூட்டத்துல இந்த முகங்களோட தோற்றம், ஈரமான கறுத்த கிளைமேல இதழ்கள். தலைப்ப விட்டா மொத்தம் 14 வார்த்தை, ஒரு வினைச்சொல் கூட கெடயாது. இத ஹொக்கு மாதிரியான வாக்கியம்னு 1914ல அவரே கட்டுரைல எழுதியிருக்காரு (ஹைக்கூவுக்கு அப்ப அங்க வழங்குன பேரு அது). முப்பது வரிய ரெண்டு வரியா சுண்ட வைக்கச் சொல்லிக்குடுத்தது ஜப்பான்தான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

மூணாவதுவரி:
//இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?//

நீங்க சொன்ன தேதி, கணக்கு எதுலயும் எனக்குச் சண்டை இல்ல சார். ஆனா பவுண்டு ஹொக்குன்னு சொல்லிட்டாருங்கிறதுனால அது ஹொக்கு ஆயிடுமா? அந்த ஸ்டேஷன்ல கிளை எங்க இருக்கு? மழை எங்க இருக்கு? முகம் மட்டும்தான் அங்க இருந்துச்சு, இதழும் கிளையும் அவர் மண்டைக்குள்ள இருந்துச்சு. ஒண்ணு நிஜம், இன்னொண்ணு உவமை. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1686ல எழுதின பழைய குளம் கவிதைய எடுத்துக்கோங்க (உங்க பேரே அதுலேர்ந்து வந்ததுதான்னு நெனைக்கிறேன்), குளமும் அங்க இருக்கு, தவளையும் அங்க இருக்கு, தண்ணிச் சத்தமும் அங்கயே கேக்குது. எதுவும் எதுக்கும் உவமை இல்ல, ரெண்ட பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு கவிஞர் நகந்துடுறாரு. பவுண்டு நகரவே இல்ல. 'தோற்றம்'ங்கிறதுக்கு அவர் போட்ட ஆங்கில வார்த்தைல ஆவிங்கிற அர்த்தமும் இருக்கு, அந்த ஒரு வார்த்தைலயே தன் கருத்தச் சொல்லிட்டாரு. இத ஹைக்கூவோட தாக்கம்னு சொல்லாதீங்க, ஹைக்கூவ தப்பா புரிஞ்சுக்கிட்டதோட விளைவுன்னு சொல்லுங்க.

பழையகுளம்:
ஆமா சார், பேரு அதுலேர்ந்து வந்ததுதான்.

பாஷோவ மட்டும் அளவுகோலா வச்சா நீங்க சொல்றது சரி. ஆனா பவுண்டு அதே கட்டுரைல எடுத்துக்காட்டா குடுத்தது பாஷோவ இல்ல, மொரிட்டாக்கேவோட கவிதை. பாஷோவுக்கு நூறு வருஷத்துக்கும் மேல முந்தினவரு. உதுந்த பூ திரும்பக் கிளைக்குப் பறக்குது, பாத்தா அது பட்டாம்பூச்சி. அங்க பூ எங்க இருக்கு? பட்டாம்பூச்சி மட்டும்தான் இருக்கு, பூ பாத்தவரோட கண்ணுல இருக்கு. ஒண்ண இன்னொண்ணா பாக்குறதுக்கு ஜப்பான்லயே 'மித்தாத்தே'ன்னு பேரு வச்சு காலங்காலமா பண்ணியிருக்காங்க. அப்ப பவுண்டு ஜப்பானத் தப்பா புரிஞ்சுக்கல, ஜப்பான்ல ஒரு கிளைய சரியாவே புரிஞ்சுக்கிட்டாரு.

அப்புறம் கண்ணால பாக்குற விஷயம் ஒண்ணு. 1913ல அச்சானப்ப அந்த வரிகளுக்குள்ள சொற்களுக்கு நடுவுல இடைவெளி விட்டு விட்டுப் போட்டிருந்தாங்க. முதல் வரி முடிவுல முக்காற்புள்ளி. ஜப்பான்ல 'யா', 'கனா', 'கேரி'ன்னு வெட்டுச்சொல் வரும்ல, கவிதைய நடுவுல வெட்டி ரெண்டு பக்கமும் நிறுத்துறது, அந்த வேலைய இங்க ஒரு புள்ளி செய்யுது. ஆங்கிலத்துல இல்லாத ஒரு உறுப்ப நிறுத்தக்குறிய வச்சு உண்டாக்கியிருக்காங்க, இது பெரிய விஷயம்னு நான் மனசார நம்புறேன்.

மூணாவதுவரி:
மொரிட்டாக்கே விஷயம் நியாயம், அத நான் யோசிக்கல.

ஆனாலும் அங்கேர்ந்து நீங்க தாண்டுற தாண்டு பெருசு. பவுண்டுக்குப் பிறகு அமெரிக்கால யார் சின்னதா எழுதினாலும் ஹைக்கூ கணக்குல எழுதிடுறாங்க. வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் 1923ல சிவப்புத் தள்ளுவண்டி பத்தி 16 வார்த்தைல எழுதினாரு, உடனே அதுவும் ஹைக்கூ. அது ஆரம்பிக்கிறதே எவ்வளவோ இத நம்பி இருக்குன்னு ஒரு அபிப்பிராயத்தோட, அப்புறம்தான் மழைத்தண்ணி பளபளக்கிற வண்டியும் வெள்ளைக் கோழிகளும் வருது. ஹைக்கூ எழுதுறவன் மொத வேலையா அந்த ஆரம்பத்ததான் வெட்டிப் போடுவான்.

சங்கு77:
நடுவுல வரேன் மன்னிக்கணும். பவுண்டுக்கு முன்னாடியே இத சொன்ன ஒருத்தர விட்டுட்டீங்க, யோனே நொகுச்சி. 1893ல கலிஃபோர்னியா வந்து சேந்த ஜப்பானியக் கவிஞர். 1904லயே ஒரு அமெரிக்கப் பத்திரிகைல அமெரிக்கக் கவிஞர்களுக்கு ஒரு யோசனைன்னு எழுதினாரு, நீங்க ரொம்ப அதிகமா பேசுறீங்க, ஹொக்கு எழுதிப் பாருங்கன்னு. பவுண்டோட கடிதப் போக்குவரத்தும் இருந்துச்சு. நம்ம பாரதி 1916ல சுதேசமித்திரன்ல ஜப்பானியக் கவிதை பத்தி எழுதினப்ப எடுத்துப் பேசினதும் இதே நொகுச்சியதான். அமெரிக்காவுக்கும் நமக்கும் ஹைக்கூ சேதி சொன்ன ஆள் ஒருத்தரே, ஆனா தாக்கம் பத்தின பேச்சு எப்பவும் பவுண்டுலேர்ந்துதான் ஆரம்பிக்குது, எனக்கு இதுல வருத்தம் உண்டு.

அப்புறம் 5-7-5 கூத்து, அதாவது மூணு வரிக்கு அஞ்சு, ஏழு, அஞ்சுன்னு சிலபிள் (அசை) எண்ணி எழுதுறது. அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள்ல பிள்ளைங்களுக்கு ஹைக்கூன்னா 17 சிலபிள்னு சொல்லிக்குடுக்குறாங்க, இது அடிப்படையே தப்பு. ஜப்பான்ல எண்ணுறது சிலபிள் இல்ல, 'ஓன்'. நம்ம மாத்திரை மாதிரின்னு வச்சுக்கலாம், நெடில் வந்தா ரெண்டு. நமக்கு மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, அவங்களுக்கு 'ன்' வந்தாலும் முழுசா ஒண்ணு. டோக்கியோங்கிறது அவங்க எண்ணிக்கைல 4, ஹைக்குங்கிறது 3. இங்கிலீஷ்ல ஹைக்கு ரெண்டே சிலபிள். அதனால 17 சிலபிள் நிரப்பணும்னா இங்கிலீஷ்ல ஜப்பானிய ஹைக்கூவ விட நெறைய சாமான் ஏத்தணும், எடை கூடிடும். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெருவாக்குக்கு இது புரிஞ்சுது, 17ஐ விட்டுடுங்க, மூணு சின்ன வரி போதும்னு சொன்னாரு. மருந்து அலமாரிக்குள்ள குளிர்கால ஈ ஒண்ணு வயசாகி செத்துக் கெடக்குதுன்னு அவர் எழுதினது எனக்கு ரொம்பப் புடிக்கும். 1959ல வந்த ரெக்கார்டுல அவர் ஹைக்கூ படிக்கப் படிக்க அல் கோன், ஜூட் சிம்ஸ் ரெண்டு பேரும் சாக்ஸஃபோன்ல பதில் சொல்லுவாங்க.

மூணாவதுவரி:
சங்கு சொன்ன எண்ணிக்கை விஷயத்த அப்படியே வழிமொழியிறேன். இங்கிலீஷ்ல 5-7-5 எழுதுறவங்க எல்லாம் வெறும் கணக்கு போடுறவங்க.

கெருவாக் கூட்டத்துமேல எனக்கு வேற குறை இருக்கு. ஆர்.எச். பிளைத் ஹைக்கூ பத்தி எழுதின நாலு வால்யூம் 1949லேர்ந்து 1952க்குள்ள வந்துச்சு. அந்தக் கூட்டத்துக் கவிஞர் கின்ஸ்பர்க் 1955ல பெர்க்லில அத படிச்சுக்கிட்டே ஹைக்கூ எழுதினாரு, ஸ்னைடரும் அதத்தான் படிச்சாரு. பிளைத் ஹைக்கூவ முழுக்க ஜென் கண்ணாடி போட்டுப் பாத்தவரு. அதனால இவங்க கைக்கு வந்தது தனியா மலைமேல ஒக்காந்து ஞானம் தேடுறவனோட கவிதை. நிஜத்துல ஹொக்குங்கிறது ஒரு கூட்டமா ஒக்காந்து தொடுக்குற சங்கிலிக் கவிதையோட முதல் கண்ணி, அடுத்த ஆள் அடுத்த கண்ணி போடுவாரு. பாஷோ அப்படி ஊர் ஊரா போய் ஆளுங்களோட சேந்து தொடுத்தவரு. கண்ணிய மட்டும் அறுத்து எடுத்துட்டுப் போனாங்க.

பழையகுளம்:
அறுத்தது அமெரிக்காக்காரன் இல்லயே சார். 1890கள்ல ஜப்பானியக் கவிஞர் மசஓக்கா ஷிக்கியே தொடுக்குறது இலக்கியம் இல்லன்னு சொல்லி முதல் கண்ணிய தனியா எடுத்து அதுக்கு ஹைக்கூன்னு பேர நிலைநிறுத்தினாரு. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே அறுந்துடுச்சு.

வெண்பாப்பிரியை:
ரொம்ப நேரமா படிச்சுட்டு இருக்கேன். மூணு பேருமே விஷயம் தெரிஞ்சவங்க, ஆனா இவ்ளோ நேரம் பேசினதுல ரிச்சர்ட் ரைட் பேரு ஒரு தடவ கூட வரலைங்கிறது எனக்கு கஷ்டமா இருக்கு.

மிசிசிப்பில 1908ல பொறந்த கறுப்பின எழுத்தாளர், 'நேட்டிவ் சன்' எழுதினவரு. கடைசி காலத்துல ஃபிரான்ஸ்ல இருந்தப்ப வயித்துக் கடுப்பு நோயால ரொம்ப முடியாம கெடந்தாரு. 1959 ஜனவரில அம்மா வேற போயிட்டாங்க. ஒரு தென்னாப்பிரிக்கக் கவிஞர்கிட்ட பிளைத்தோட அந்த நாலு வால்யூமையும் கடன் வாங்கிப் படிச்சுட்டு எழுத ஆரம்பிச்சவரு, 1960 நவம்பர்ல சாகுறதுக்குள்ள 4000 ஹைக்கூவுக்கு மேல எழுதிட்டாரு. அதுலேர்ந்து அவரே 817 பொறுக்கி எடுத்து வச்சாரு. அதுல முதல் கவிதை, நான் யாரும் இல்ல, இலையுதிர் காலத்துல மறையுற சிவப்புச் சூரியன் என் பேர எடுத்துட்டுப் போயிடுச்சுன்னு. வாழ்நாள் முழுக்க அமெரிக்கா அவருக்கு குத்தி வச்ச ஒரு பேரோட போராடுன மனுஷன் எழுதினதுங்கிறத மனசுல வச்சு படிங்க.

//இங்கிலீஷ்ல 5-7-5 எழுதுறவங்க எல்லாம் வெறும் கணக்கு போடுறவங்க//

மூணாவதுவரி அண்ணா, ரைட் 5-7-5 தவறாம எழுதினாரு. அவரோட பொண்ணு ஜூலியா முன்னுரைல சொல்றாங்க, வார்த்தைய சிலபிள் சிலபிளா ஒடைக்கிறது அப்பாவோட மூச்சுத்திணறலுக்கு ஒத்துப் போச்சு, நோய்க்கு மாத்து மருந்து மாதிரி இருந்துச்சுன்னு. எங்க அப்பாவுக்கு கடைசி ரெண்டு வருஷம் நுரையீரல் சரியில்ல. ஒரு வாக்கியத்த மூணா ஒடச்சுதான் பேசுவாரு, "தண்ணி", நிறுத்தி, "கொஞ்சம் சூடா", நிறுத்தி, "இருக்கட்டும்மா". எவ்ளோ சொன்னா மூச்சு தாங்கும்னு அவருக்கு அளவு தெரியும், அந்த அளவுக்குள்ள வார்த்தைய அடுக்கிட்டுத்தான் வாயத் தொறப்பாரு. ரைட் பத்தி அந்த வரிய படிச்சப்ப எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வந்துச்சு. 17 தப்பான கணக்காவே இருக்கட்டும், மூச்சு விட முடியாத ஒருத்தருக்கு அது புடிச்சுக்க ஒரு கம்பி.

சங்கு77:
அக்கா, மனசத் தொட்டுச்சு. ஆனா கேள்வி தாக்கம் பத்தினதுல்ல? அவர் அனுப்பின கையெழுத்துப் பிரதி பதிப்பகத்துலேர்ந்து திரும்பி வந்துச்சு, புத்தகமா வந்தது 1998ல. 38 வருஷம் யாரும் முழுசா படிக்காதது எப்படி அமெரிக்கக் கவிதைமேல தாக்கம் ஆகும்?

வெண்பாப்பிரியை:
தாக்கம்னா ஒருத்தர்லேர்ந்து இன்னொருத்தருக்குப் போறது மட்டும்தானா தம்பி? ஒரு வடிவம் ஒரு அமெரிக்கக் கவிஞன் உள்ள போய் என்ன பண்ணுச்சுங்கிறதும் தாக்கம்தான்.

இன்னொண்ணு, ஹைக்கூ வந்ததுக்கு பவுண்டு, பிளைத்னு ரெண்டு வாசல்தான்னு எல்லாரும் பேசுறீங்க. கலிஃபோர்னியால ஸ்டாக்டன்லயும் ஃபிரஸ்னோலயும் குடியேறின ஜப்பானியக் குடும்பங்க கவிதைச் சங்கம் வச்சு, 17 எல்லாம் எண்ணாத புது மாதிரி ஹைக்கூ எழுதிக்கிட்டு இருந்தாங்க. 1942ல, ஜப்பானோட போர் நடந்தப்ப, அரசாங்கம் ஜப்பானிய வம்சாவளிக்காரங்க 1,20,000 பேர முகாம்ல அடைச்சப்ப இவங்களும் உள்ள போனாங்க. போறதுக்கு முன்னாடி பயத்துல எத்தனையோ கவிதைங்க அழிஞ்சுபோச்சு. முள்வேலிக்குள்ளயும் எழுதினாங்க. அந்தக் கூட்டத்துலயே ஒருத்தரான வயலட் கசுவே டி கிறிஸ்டோஃபோரோ டூலி லேக் முகாம்ல இருந்தவங்க, மிஞ்சினத தேடிச் சேத்து மொழிபெயர்த்து 1997ல போட்டாங்க. அமெரிக்க மண்ணுல எழுதினது, ஆனா ஜப்பான் மொழிங்கிறதுனால அமெரிக்கக் கவிதைன்னு யாரும் கணக்குல சேக்கல.

பழையகுளம்:
இது எனக்கு தெரியாதுங்க. கூட்டமா ஒக்காந்து எழுதுறத அமெரிக்காக்காரன் தொலைச்சுட்டான்னு மூணாவதுவரி சொன்னாரு, அது அந்த ஊர்லயே சங்கம் வச்சு நடந்துக்கிட்டு இருந்திருக்கு.

மூணாவதுவரி:
'வெறும் கணக்கு போடுறவங்க'ன்னு எழுதினத திரும்ப எடுத்துக்கிறேன் தங்கச்சி. அப்பா பத்தி எழுதினதுக்கு நன்றி.

நீங்க சொன்னதும் இன்னொரு கறுப்பினக் கவிஞர் ஈத்ரிஜ் நைட் ஞாபகம் வராரு. கொரியப் போருக்குப் போயிட்டு வந்தவரு, இண்டியானா ஜெயில்ல இருந்துக்கிட்டு எழுதினாரு, 1968ல புத்தகம் வந்துச்சு. சாயங்கால வெயில்ல காவல் கோபுரம் மின்னுது, கைதிங்க பாறைமேல பல்லி மாதிரி ஓஞ்சு கெடக்குறாங்க. இதுலயும் 'மாதிரி'ன்னு உவமை இருக்கு, பவுண்டுகிட்ட நான் குத்தம் சொன்ன அதே உவமை. ஆனா கோபுரமும் கைதிங்களும் வெயிலும் நெஜமாவே அங்க இருக்கு. பதினேழு சிலபிளுக்குள்ள ஜாஸ ஆட வைக்கிறது சாதாரண வேலை இல்லன்னும் ஒரு ஹைக்கூல சொல்லியிருக்காரு, நான் இப்ப விரல் விட்டு எண்ணிப் பாத்தேன், சரியா 17 வருது.

மெட்ரோ கவிதைய ஹைக்கூன்னு இன்னும் ஒத்துக்க மாட்டேன். பழையகுளம் சார், அந்த 1914 கட்டுரைய முழுசா இன்னொரு தடவ படிச்சுட்டு வரேன், மொரிட்டாக்கே பத்தி நாளைக்கு பேசுவோம்.