குடியிருப்பு வளாகத்துக்குள் ராக்கெட் வெடிக்குத் தடை போட முடியுமா?

தாம்பரம் பக்கம், 96 வீடுகள் உள்ள நான்கு மாடிக் குடியிருப்பு எங்களுடையது. போன தீபாவளிக்கு ஒரு ராக்கெட் மூன்றாம் மாடி பால்கனியில் புகுந்து, கொடியில் காய்ந்த துணியும் ஏசி வெளி யூனிட்டும் எரிந்துபோயின. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நேர் கீழேதான் மின்சார ஸ்கூட்டர்களுக்கு சார்ஜ் போடும் இடம். உள்ளே தீயணைப்பு வண்டி வந்து திரும்பக்கூட இடமில்லை.

சங்கம் சுற்றறிக்கை ஒட்டியது, யாரும் மதிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்தோம், "பண்டிகையைக் கெடுக்காதீங்க" என்று சண்டையில் முடிந்தது. காவல் நிலையத்தில், காலை 6-7, இரவு 7-8 என்ற அரசு நேரத்தை மீறினால்தான் நடவடிக்கையாம். பின்பக்கக் காலி மனையில் வெடிக்கலாம் என்றோம், பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள், இளவட்டம் அசையவில்லை. (சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாதென்று கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் வெடியையே விட்டுவிட்டார்கள். இங்கே பக்கத்து வீட்டு மனுஷனுக்காக ஒரு ராக்கெட்டைக் கைவிட மனசில்லை!)

மத்தாப்பு, புஸ்வாணம் பிரச்சினையே இல்லை. சரவெடிக்கு 2018-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டாச்சு. மிச்சம் ராக்கெட்தான்.

சங்கத்தின் துணைவிதியில் ராக்கெட் தடையையும் அபராதத்தையும் சேர்த்து, அதை உண்மையிலேயே வசூலித்துக் காட்டிய குடியிருப்பு ஏதாவது உண்டா?