லிஸ்ட்ல ஒரே ஒரு வரியை மாத்தி எழுதினேன்

போன வருஷம் ஒரு நாலஞ்சு மாசம் எனக்கு எந்த வேலையும் ஓடல. பெரிய வேலை எதுவும் இல்ல, துவைச்ச துணிய மடிக்கறது, பில்லு கட்டறது, யாருக்காவது திருப்பி போன் பண்றது, அவ்ளோதான். காலைல கண்ணு முழிச்சதுமே எல்லாம் மண்டைக்குள்ள சுத்த ஆரம்பிச்சிரும், ஆனா உக்காந்த இடத்த விட்டு எந்திரிக்க முடியாது. அப்பதான் ஒரு நோட்டு எடுத்து லிஸ்ட் போட ஆரம்பிச்சேன்.

அதுல 'அலமாரி சுத்தம்'னு ஒரு வரி. 11 நாள் அதையே அடுத்த பக்கத்துக்கு, அடுத்த பக்கத்துக்குன்னு மாத்தி எழுதினேன், எழுதறப்பல்லாம் நெஞ்சு கனத்துச்சு. 12வது நாள் அத அடிச்சிட்டு 'மேல் தட்டு பழைய பேப்பரை மட்டும் கீழ எடுத்து வை'ன்னு எழுதினேன். பத்து நிமிஷத்துல முடிஞ்சிருச்சு! பேனாவ அழுத்தி ஒரு கோடு போட்டேன் பாருங்க, பின் பக்கத்துலயும் தடம் விழுந்துச்சு, விரலால தடவிப் பாத்தேன், அவ்ளோ சந்தோஷம். அன்னிக்கே ரெண்டாவது தட்டும் முடிச்சேன்.

அதுக்கப்புறம் கை முதல்ல எதைத் தொடணுமோ அதைத்தான் எழுதறேன். அதுவும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி. 2018ல அமெரிக்காவுல இருக்கற பெய்லர் பல்கலைக்கழகத்துக்காரங்க 57 பேர வெச்சு பண்ண ஒரு ஆய்வு வெளியாச்சு, இனி செய்ய வேண்டியத 5 நிமிஷம் எழுதிட்டுப் படுத்தவங்க, முடிச்ச வேலைய எழுதினவங்கள விட சராசரியா ஒரு 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கியிருக்காங்க, அதுலயும் விவரமா எழுதினவங்க இன்னும் சீக்கிரம். எனக்கும் அப்படித்தான், எழுதி வெச்சிட்டா மண்டைக்குள்ள சுத்தறது நின்னுருது.

இதே நிலைமைல யாராவது இருந்தா உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

---

அக்கா, படிச்சிட்டு கண்ணு கலங்கிருச்சு. எனக்கு கைக்குழந்தை இருக்கு, காலைல போட்ட லிஸ்ட்ல ஒண்ணுமே நடக்காது, சாயங்காலம் இன்னிக்கு என்னதான் பண்ணோம்னு அழுகையா வரும். அதனால லிஸ்ட்ல இல்லாத வேலைய செஞ்சாலும் உடனே எழுதி, உடனே கோடும் போட்டுருவேன். தூங்க வெச்சது, துணி மாத்தினது, மறுபடி தூங்க வெச்சது, எல்லாமே. ராத்திரி அந்தப் பக்கம் நிறைஞ்சு இருக்கறத பாக்கறப்ப நாள் வீணாப் போகலன்னு ஒரு தெம்பு வருது.

நீங்க சொன்னதையும் இப்பவே பண்ணிட்டேன். 'பேங்க் வேலை'ன்னு மூணு வாரமா கிடந்துச்சு, அத 'ஃபார்மை எடுத்து மேசை மேல வை'ன்னு மாத்தியாச்சு.