மறு: ஜாக்கியின் கணக்குக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

போன வாரம் நான் போட்ட ஒரு வரிக் கேள்விக்கு இத்தனை மடல் வரும் என்று நினைக்கவில்லை. கேட்டது இவ்வளவுதான்: ஜாக்கிகளின் (பந்தயக் குதிரை மேல் ஏறி ஓட்டுகிறவர்களின்) பழைய கணக்கை வைத்து இன்றைய பந்தயத்தில் எந்தக் குதிரைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கிறார்களே, ஹேண்டிகேப்பிங் என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது? அக்கம்பக்கத்தாருக்கான ஒரு புள்ளியியல் வகுப்புக்குத் தமிழில் கைப்பிரதி எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் ஒரு பாடம் இது. சூதாட்டத்தைப் பாடமாக்குகிறாயா என்று தனிமடலில் திட்டியவருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: நிகழ்தகவுக் கணக்கே பகடை உருட்டியவர்களின் சந்தேகத்திலிருந்து வந்ததுதான் ஐயா.

முதலில் அகராதிப் பொருளைத் தள்ளிவிடுவோம். ஹேண்டிகேப் என்று தேடினால் ஊனம், குறைபாடு, இடையூறு என்று வரும். அதெல்லாம் அந்தச் சொல்லோடு பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இரண்டு பேர் பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்ளும் ஒரு விளையாட்டு இருந்தது. யார் எவ்வளவு கூடுதலாகத் தர வேண்டும் என்று நடுவர் சொல்வார், இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு எடுத்துச் சம்மதமா இல்லையா என்று காட்டுவார்கள். தொப்பிக்குள் கை, அவ்வளவுதான் பெயர்க்காரணம். பிறகுதான் அது குதிரைக்குப் போனது, நல்ல குதிரை கூடுதல் கனம் சுமக்கட்டும், சுமாரான குதிரை குறைவாகச் சுமக்கட்டும் என்று.

இதில் சிக்கல் என்னவென்றால் இரண்டு பேர் செய்யும் இரண்டு வேலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். பந்தயம் நடத்தும் மன்றத்தின் அதிகாரி ஒருவர் ஒவ்வொரு குதிரைக்கும் கனம் நிர்ணயிக்கிறார், அதுவும் ஹேண்டிகேப்பிங். அரங்கத்தில் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் எது ஜெயிக்கும் என்று பார்க்கிறார், அதுவும் ஹேண்டிகேப்பிங். முன்னவர் குதிரைகளைச் சமமாக்கப் பார்க்கிறார், பின்னவர் அந்தச் சமத்தில் எங்கே ஓட்டை என்று தேடுகிறார். நாமும் ஒரே சொல்லை வைத்துக் குழம்ப வேண்டுமா?

அதிகாரியின் வேலைக்கு 'எடைச்சமன்' என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். கிள்ளான் அக்கா 'சுமைச்சமன்' என்றார். நான் அக்கா பக்கம். பந்தயப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குதிரையின் உடல் எடை என்று ஒரு எண் இருக்கும், ஐந்நூறு கிலோ வாக்கில். சுமக்கும் கனம் என்று இன்னொரு எண், ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில். முன்னது குதிரையின் சொந்த எடை. பின்னது ஜாக்கியும் சேணமும், போதாததற்குச் செருகும் ஈயத் தகடும் சேர்ந்து அதன் முதுகில் ஏற்றி வைக்கும் சுமை. இரண்டையும் எடை என்றால் வகுப்பில் முதல் பத்து நிமிடத்திலேயே யாராவது கையைத் தூக்கிவிடுவார்கள். இன்னொரு வசதியும் உண்டு. பயிற்சி ஜாக்கிகளுக்குச் சில கிலோ குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதல்லவா, அதைச் 'சுமைச்சலுகை' என்று சொன்னால் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

சரி, பென்சில்காரருக்கு வருவோம். 'முன்கணிப்பு' என்பது வானிலைக்கும் பொருளாதாரத்துக்கும் போய்விட்டது. 'கணிப்பு' என்றாலே எனக்கு ஜாதகக் கட்டம்தான் கண்ணில் வருகிறது. பினாங்கு ஐயா போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார், "ஆளை எடை போடுகிற மாதிரி குதிரையை எடைபோடுகிறார்கள், வேறென்ன" என்று. அவர் அதைச் சொல்லாக முன்வைக்கவே இல்லை. ஆனால் எனக்கு அங்கேயே வேலை முடிந்துவிட்டது. எடைபோடல். பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளையை எடை போடுவார்கள், புது மேலாளரை அலுவலகமே எடை போடும். தராசு இல்லாமல், பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் சேர்த்து மனதுக்குள் ஒரு மதிப்புக்கு வருவது. அதிகாரிக்குச் சுமையைக் கொடுத்துவிட்டதால் எடை என்ற சொல்லும் இவருக்கு மிச்சமாக இருக்கிறது.

ஜாக்கிக்கு என்ன சொல் என்பதில் நான் அதிகம் சண்டை போட மாட்டேன். பரிவலவன் அழகுதான், ஆனால் வலவன் தேர் ஓட்டுகிறவன், முதுகில் ஏறுகிறவன் இல்லை. இராவுத்தர் என்றால் குதிரைவீரன், முருகனையே மயிலேறும் இராவுத்தன் என்று அருணகிரிநாதர் பாடியிருக்கிறார், ஆனால் இன்று அது குடும்பப் பெயர், தொடக் கூடாது. ஜாக்கி என்றால் டயர் மாற்றும்போது வண்டியைத் தூக்குகிற சாமான் என்ற குறை உண்மைதான், இருந்தாலும் குதிரைப் பேச்சில் யாரும் அப்படிக் குழம்பியதில்லை. எழுத்தில் குதிரையோட்டி, பேச்சில் ஜாக்கி. போதும்.

எனக்கு உண்மையில் பேச வேண்டியது வேறு. ஜாக்கியின் 'வெற்றி விழுக்காடு' என்று எல்லோரும் எழுதுகிறோமே, அது எதை அளக்கிறது? நூறு சவாரியில் இருபது ஜெயித்தால் இருபது விழுக்காடு. ஆனால் நல்ல ஜாக்கியைத் தேடித்தான் நல்ல குதிரை வருகிறது, அந்த இருபதில் குதிரைக்கு எத்தனை, ஆளுக்கு எத்தனை என்று அந்த எண் சொல்லாது. 1986இல் போல்டன், சாப்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 200 அமெரிக்கப் பந்தயங்களை வைத்து ஒரு கணித மாதிரியை உருவாக்கினார்கள். குதிரையின் வேகம், சுமை, புறப்படும் இடம் இவற்றோடு ஜாக்கியின் வெற்றி விழுக்காட்டையும் வெற்றி எண்ணிக்கையையும் தனித்தனிக் காரணிகளாகச் சேர்த்தார்கள், ஜாக்கியைப் பற்றித் தகவலே இல்லை என்பதைக் குறிக்கவும் ஒன்று வைத்தார்கள். குதிரையின் கணக்கைத் தனியே எடுத்துவிட்ட பிறகு ஜாக்கிக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க அது ஒரு வழி.

எளிய வழி ஒன்றும் உண்டு, கைப்பிரதியில் அதைத்தான் போடுகிறேன். ஒரு வெள்ளி (டாலர்) கட்டினால் நாலு வெள்ளி திரும்பும் குதிரை என்றால் கட்டியவர்கள் அதற்கு நாலில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான வாய்ப்புத் தருகிறார்கள் என்று அர்த்தம் (சற்றுக் குறைவு ஏனென்றால் கட்டிய காசில் நடத்துகிறவர்கள் எடுத்துக்கொள்ளும் பிடித்தம்). ஒரு ஜாக்கி ஏறிய எல்லாக் குதிரைகளின் வாய்ப்பையும் இப்படிக் கூட்டினால் அவர் எத்தனை ஜெயித்திருக்க வேண்டும் என்று வரும். ஒரு பேச்சுக்கு, ஒருவர் 200 சவாரியில் 40 ஜெயித்தார், 20 விழுக்காடு. ஆனால் அவருக்குக் கிடைத்த குதிரைகளுக்கு 46 வந்திருக்க வேண்டும். 40ஐ 46ஆல் வகுத்தால் 0.87. இன்னொருவர் 150இல் 15, வெறும் 10 விழுக்காடு, ஆனால் எதிர்பார்த்தது 11தான், அவருக்கு 1.36. புத்தகத்தில் முதலாமவர் பெயர்தான் மேலே இருக்கும். கூட்டமும் அவர் பெயரைப் பார்த்தே கட்டும், திரும்பி வரும் காசும் அதனால்தான் சுருங்கும்.

இந்த எண்ணுக்குத்தான் பெயர் வேண்டும். நான் முன்வைப்பது: கைப்பங்கு.

எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சிங்கப்பூரில் புக்கிட் தீமாவில் பந்தயம் நடந்த காலத்திலிருந்து 1999இல் அது கிராஞ்சிக்குப் போன பிறகும் விடாமல் போனவர். (அம்மாவின் கணக்குப்படி அந்தக் காசில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வந்திருக்கும்.) அவருடைய கோடு போட்ட நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, ஓரமெல்லாம் காப்பிக் கறை. ஜாக்கிக்கு ஒரு பக்கம், ஜெயித்தால் சிவப்புப் புள்ளி, இரண்டாவது வந்தால் நீல டிக். சில புள்ளிகளைச் சுற்றி மட்டும் பென்சிலில் வட்டம் இருக்கும். ரொம்ப நாள் கழித்துத்தான் விஷயம் புரிந்தது, யாரும் காசு கட்டாத குதிரையைக் கொண்டுபோய் ஜெயிக்க வைத்திருந்தால்தான் வட்டம். முன்பின் பார்த்திராத ஜாக்கி என்றால் பக்கத்தின் தலைப்பில் ஒரு கேள்விக்குறி. 2013 செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை, பிரேசில்காரர் ஜோவாவ் மொரேரா கிராஞ்சியில் எட்டு சவாரி ஏறி எட்டையும் ஜெயித்தார். நோட்டில் எட்டு சிவப்புப் புள்ளி வரிசையாக இருக்கிறது. வட்டம் ஒன்றுகூட இல்லை.

கடைசி நேரத்தில் ஜாக்கி மாறினால் அப்பாவும் கூட்டாளிகளும் "கை மாறிடுச்சு" என்பார்கள். ஜாக்கி என்று சொல்லவே மாட்டார்கள், கைதான். "நல்ல கை", "கை கனம்", "இவன் குதிரையோட ஓடுறவன், அவன்தான் ஓட்டுறவன்." ஆகவே கைக்கு உரிய பங்கு, கைப்பங்கு. கைராசி என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே இது உட்காருவதும் எனக்குப் பிடித்திருக்கிறது, ராசி எவ்வளவு பங்கு எவ்வளவு என்று பிரிப்பதுதானே இந்தக் கணக்கே.

அடித்து ஆடலாம், காத்திருக்கிறேன்.

— தேக்காவிலிருந்து

* * *

தம்பி,

எடைபோடல், சுமைச்சமன் இரண்டுக்கும் என் ஓட்டு. கைப்பங்கில் இடிக்கிறது. பங்கு என்றால் முழுசில் ஒரு துண்டு, ஒன்றைத் தாண்டக் கூடாது. நீங்களே 1.36 என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வீட்டில் ஒருவருக்கு 1.36 பங்கு என்று சொன்னால் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வார்கள்.

அப்புறம், சவாரி எண்ணிக்கை எவ்வளவு என்பதைச் சேர்க்காமல் அந்த எண்ணைத் தனியே விடாதீர்கள். உண்மையில் பத்துக்கு ஒன்றுதான் ஜெயிக்கக் கூடிய ஒரு ஜாக்கி பத்து சவாரியில் மூன்றோ அதற்கு மேலோ ஜெயிக்க 7 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அப்படி 30 பேர் இருந்தால் இரண்டு பேர் சும்மாவே நட்சத்திரமாகத் தெரிவார்கள். அடுத்த மாதம் காணாமல் போவார்கள். குறைந்த சவாரிக்காரரின் எண்ணைச் சராசரியை நோக்கி இழுத்துவிட வேண்டும், அதற்கும் ஒரு சொல் வேண்டும். 'சுருக்கம்' வேண்டாம், துணி நினைவு வருகிறது. 'நடுவிழுப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா?

— ஈசூன் அக்கா

* * *

அன்பருக்கு,

நான் சும்மா சொன்னதைச் சொல்லாக்கிவிட்டீர், நன்றி. ஈசூன் அம்மா சொல்வது நியாயம். பங்கை விட்டுவிட்டுக் கையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கைம்மிகுதல் என்று பழைய வினை ஒன்று இருக்கிறது, அளவு கடந்து போவது என்று பொருள், சங்கப் பாட்டில் காமம் கைம்மிகும். எதிர்பார்த்த அளவைத் தாண்டினால் கைம்மிகை, தாண்டாவிட்டால் கைக்குறை. உங்கள் அப்பாவின் கையும் அதில் வந்துவிடும்.

சென்னையில் இந்தப் பேச்சு நீதிமன்றம் வரை போனது தெரியும்தானே. 1974இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள், 1996இல் உச்ச நீதிமன்றம் இது திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. ராசியா திறமையா என்று நாம் மட்டும் மல்லுக்கட்டவில்லை.

— பினாங்கு

* * *

அக்கா, ஐயா, இருவருக்கும்:

1.36 பங்குக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கைம்மிகை நல்ல சொல், ஆனால் வகுப்புக்கு வருகிற ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநரிடம் 0.87 கைம்மிகை என்று சொன்னால், மிகை என்கிறாய், குறைந்திருக்கிறதே என்பார். அதனால் இப்படிச் செய்கிறேன். வகுத்து வரும் எண்ணுக்குக் 'கைமதிப்பு'. அது ஒன்றுக்கு மேலே போனால் கைம்மிகை, கீழே போனால் கைக்குறை. எடைபோடலோடு மதிப்பு ஒட்டியும் வருகிறது. கைப்பங்கை எடுத்துவிடுகிறேன், கொஞ்சம் வருத்தம்தான்.

நடுவிழுப்பை அப்படியே எடுத்துக்கொண்டேன் அக்கா. அப்பா நோட்டில் அதற்கும் ஏதோ இருந்திருக்கிறது போல. பத்து சவாரி தாண்டாத ஜாக்கிகளின் புள்ளி எல்லாம் பென்சிலில்தான் இருக்கிறது, பேனாவில் இல்லை.

ஒரு சின்ன விஷயம். சிங்கப்பூரில் பந்தய மன்றம் 1842இல் ஃபேரர் பார்க் பக்கம் ஆரம்பித்தது, பந்தயம் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இப்போது இங்கே இருந்துகொண்டு வெளியூர்ப் பந்தயத்துக்குத்தான் கட்ட முடியும். ஆகவே எடுத்துக்காட்டில் வரும் இரண்டு ஜாக்கிகளும் எந்த ஊர் என்று குறிப்பிடாமல் விட்டிருக்கிறேன். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, இங்கே எங்கே ரேஸ் என்று கேட்ட என் மகளுக்கும் சேர்த்துக் கைப்பிரதியில் ஒரு அடிக்குறிப்பு போட வேண்டும்.

சொற்பட்டியலை வெள்ளிக்கிழமை ஏற்றுகிறேன். பிடித்தத்துக்கு வேறு நல்ல சொல் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.

— தேக்கா