முனைவர் பட்டம்தான் இலக்கு என்றால் ஓராண்டு எல்.எல்.எம். போதுமா?

கடைசி பெஞ்ச்: ஐந்தாண்டு பி.ஏ. எல்.எல்.பி. முடிக்கப் போகிறவர்களுக்கான கேள்வி. வக்கீல் தொழில் வேண்டாம், பிஎச்.டி.தான் என்று முடிவாகிவிட்டது. கிளாட் நுழைவுத் தேர்வு எழுதி ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு எல்.எல்.எம். (சட்ட முதுகலை) படிப்பதா, சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஈராண்டா?

கருப்பு கவுன்: ஓராண்டு. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2012-லேயே அதற்கு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஆராய்ச்சி முறையியல் அதில் கட்டாயப் பாடம். 2022 பிஎச்.டி. ஒழுங்குமுறையும் நான்காண்டு இளங்கலைக்குப் பிறகான ஓராண்டு முதுகலையை ஏற்கிறது; 55 சதவீதம் இருந்தால் போதும். இரண்டாவது வருடத்தை வகுப்பில் கழிப்பதைவிட நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கி மாதம் 37,000 ரூபாயோடு ஆராய்ச்சியில் உட்காரலாமே. ஜே.ஆர்.எஃப்.புக்கு பொதுவாக 30, எல்.எல்.எம். முடித்தவர்களுக்கு 33 என்று வயது வரம்பு இருப்பதையும் மறக்க வேண்டாம்.

வாய்தா வாணி: காகிதத்தில் சரி சார். காலண்டரை வைத்துப் பாருங்கள். வகுப்பு ஆகஸ்டில் தொடங்குகிறது. மே மாதம் டெசர்டேஷன் (ஆய்வேடு) கொடுக்க வேண்டும். ஜூன் நெட் அதன் தலைமேலேயே வந்து நிற்கும். இடைவெளி இல்லாமல் பிஎச்.டி. சேர வேண்டுமானால் பிப்ரவரி, மார்ச்சிலேயே சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) கையில் இருக்க வேண்டும். ஒரே ஒரு செமஸ்டர் படித்தவர் என்ன சினாப்சிஸ் எழுதுவார்? 'இந்தியாவில் காசோலை மோசடிச் சட்டம்: ஒரு திறனாய்வு' என்றுதான் எழுதுவார். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிடும்.

கருப்பு கவுன்: மேடம், அது தலைப்பு தேர்வின் கோளாறு. ஈராண்டு படித்தவர்களும் அதே தலைப்போடுதான் வருகிறார்கள்.

அடிக்குறிப்பு: அந்தத் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். காசோலை வழக்குகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 143ஏ பிரிவு 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. வழக்கு நடக்கும்போதே காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தருமாறு காசோலை கொடுத்தவருக்கு நீதிமன்றம் சொல்லலாம். 2019-ல் ஜி.ஜே. ராஜா வழக்கில், பழைய குற்றங்களுக்கு இது பொருந்தாது என்றது உச்ச நீதிமன்றம். 2024 மார்ச்சில் ராகேஷ் ரஞ்சன் ஸ்ரீவாஸ்தவா வழக்கில், இது கட்டாயமல்ல, நீதிபதியின் விருப்புரிமை என்றது. ஆக கேள்வி இப்படிச் சுருங்கும்: 2024-க்குப் பிறகு ஒரு மாவட்டத்தின் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் இந்த மனுக்களில் என்ன காரணம் எழுதுகின்றன?

சிக்கலும் இங்கேதான். மாஜிஸ்திரேட் நீதிமன்ற இடைக்கால உத்தரவுகள் பல இ-கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற இணையதளத்தில் ஏறுவதில்லை. நகல் மனு போட வேண்டும்; வழக்கில் தரப்பு அல்லாதவருக்கு நகல் கிடைப்பது எளிதல்ல. நூறு வழக்கு என்று சினாப்சிஸில் எழுதிவிட்டு முப்பதுகூடத் தேறாமல் நிற்பவர்கள் உண்டு. ஆகவே எண்ணிக்கை எழுதுவதற்கு முன் பத்து வழக்கை எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கே மூன்று மாதம் ஓடிவிடும். இந்த ஒரு விஷயத்தில் நான் வாணி பக்கம்.

கருப்பு கவுன்: அந்த மூன்று மாதத்தை பிஎச்.டி. கோர்ஸ் ஒர்க் (தொடக்கப் பாடவகுப்பு) நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். பிஎச்.டி.க்கு குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. நேரம் தாராளம். தலைப்பை மெருகேற்றத்தானே ஆராய்ச்சி ஆலோசனைக் குழு இருக்கிறது?

வாய்தா வாணி: உள்ளே நுழைந்த பிறகுதானே குழு! பேராசிரியர் என்றால் எட்டு மாணவர், இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு: அதற்கு மேல் ஒரு வழிகாட்டி எடுக்க முடியாது. ஓய்வுக்கு மூன்று ஆண்டுகூட இல்லாதவர் புதிதாக யாரையும் சேர்க்கவும் முடியாது. நமக்கு வேண்டிய துறையில் காலியிடம் ஒன்றோ இரண்டோதான். தெளிவான சினாப்சிஸ் உள்ளவருக்கு அது போய்விடும். ஈராண்டில் மூன்றாம் செமஸ்டரில் டிசம்பர் நெட், முடிக்கும்போது ஜூன் நெட் என்று இரண்டு வாய்ப்பும் கிடைக்கிறது.

கருப்பு கவுன்: மாநிலப் பல்கலைக்கழக மதிப்பெண்ணைச் சொல்ல மறந்துவிட்டீர்களே. நான்கு செமஸ்டர் எழுதி 54.9-ல் நின்றால் நெட்டுக்கு அது 55 ஆகாது, முழுமையாக்கிக் கணக்கிட மாட்டார்கள். படிக்கும்போதே நெட் தேறினாலும் முடிவு வந்த இரண்டு ஆண்டுக்குள் 55 சதவீதத்தோடு பட்டம் முடிக்காவிட்டால் அதுவும் போச்சு.

அடிக்குறிப்பு: இருவரும் சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலை விட்டுவிட்டீர்கள். 2021 ஜனவரியில் அறிவித்த விதிகளில் ஓராண்டு எல்.எல்.எம்.மையே ஒழிப்பதாகச் சொன்னது. தேசிய சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. அதன் பிறகும் ஓராண்டுப் படிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் சேரும் முன் பிஎச்.டி. அறிவிக்கையின் தகுதிப் பத்தியை வரிவரியாகப் படியுங்கள். குறிப்பாக, மூன்றாண்டு எல்.எல்.பி. முடித்து ஓராண்டு எல்.எல்.எம். செய்பவர்கள். யூஜிசியின் 2022 விதியில் 'நான்காண்டு இளங்கலைக்குப் பின்' என்றிருப்பதால், எந்தப் பட்டத்தைக் கணக்கில் எடுப்பார்கள் என்று பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்காது.

இன்னொன்று: 2024 ஜூன் முதல் ஜே.ஆர்.எஃப். இல்லாத நெட் மதிப்பெண்ணுக்கு பிஎச்.டி. சேர்க்கையில் 70 சதவீத மதிப்பு, நேர்காணலுக்கு 30. அந்த மதிப்பெண் ஓர் ஆண்டுதான் செல்லும்.

கடைசி பெஞ்ச்: அப்போ ஓராண்டு எடுப்பவர் ஜூலைக்கு முன்பே தலைப்போடு உள்ளே போனால்?

வாய்தா வாணி: போனால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எத்தனை பேர் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

கருப்பு கவுன்: அதைத்தானே மேடம் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்!