வண்டிப்பாதையில் புல்: வசந்தத்தில் எப்போது களைக்கொல்லி அடிப்பது? (அவசரம்)

வாசல்மரம்:
வணக்கம். வீட்டு வண்டிப்பாதை முழுவதும் புல் எழும்பிவிட்டது. களைக்கொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். இப்போதே அடிக்கலாமா, இன்னும் கொஞ்சம் வெயில் ஏறட்டுமா? போன வசந்தத்தில் அடித்தும் கோடைக்குள் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. வார இறுதியில் விருந்தினர் வருகிறார்கள், அதற்குள் போக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தோட்டக்காரி:
எந்தக் களைக்கொல்லி? புட்டியின் பின்பக்கத்தில் மூலப்பொருளின் பெயர் இருக்கும், அதை எழுதுங்கள். பாதை கான்கிரீட்டா, பேவர் கல்லா, சரளையா? அங்கே இரவில் இன்னும் உறைபனி விழுகிறதா? புல் எவ்வளவு உயரம்? இவை தெரியாமல் யார் நாள் குறித்துக் கொடுத்தாலும் நம்பாதீர்கள்.

கல்மேடை:
மருந்தே வேண்டாம். வினிகர், உப்பு, இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. நல்ல வெயில் நாளில் தெளியுங்கள், மாலைக்குள் கருகிவிடும். எங்கள் வீட்டில் எப்போதும் இதுதான்.

மூத்தவேர்:
ஒவ்வொரு வசந்தத்திலும் இதே கேள்வி, இதே வினிகர். எத்தனை முறை எழுதினாலும் யாரும் படிப்பதில்லை. இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன், இந்தத் தடவையாவது முழுதாகப் படியுங்கள்.

வசந்தத்தில் செய்ய வேண்டியவை இரண்டு வேலைகள். இரண்டுக்கும் காலம் வேறு, மருந்தும் வேறு. விதையிலிருந்து முளைக்கவிருக்கும் புல்லுக்கு, முளைப்பதற்கு முன்பே இடும் மருந்து வேண்டும். பென்டிமெத்தலின் அந்த வகை. மண்ணின் மேற்பகுதி சில நாள் தொடர்ந்து 12, 13 டிகிரி செல்சியஸைத் தொட்டால், கோடையில் வளரும் ஓராண்டுப் புற்கள் முளைக்கத் தொடங்கிவிடும். மருந்து அதற்கு முன் மண்ணில் இருக்க வேண்டும். முளைத்து நிற்கும் புல்லை அது ஒன்றும் செய்யாது.

ஏற்கெனவே நிற்கும் புல்லுக்கு இலை வழியாக உள்ளே போகும் மருந்து, பெரும்பாலும் கிளைபோசேட். அது வேர்வரை இறங்கி, புல் தனக்குத் தேவையான அமினோ அமிலங்களைச் செய்யவிடாமல் தடுக்கும். புல் வளர்ந்துகொண்டிருந்தால்தான் அது நடக்கும். குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் புல்லின் மேல் அடிப்பது வீண். பகல் வெப்பம் 15 டிகிரியைத் தாண்டி, தாள்கள் பச்சை பிடித்து, ஒரு சாண் உயரம் வரட்டும்.

இன்னொன்று. பல்லாண்டுப் புல் வசந்தத் தொடக்கத்தில் வேரில் சேர்த்து வைத்த உணவை மேலே அனுப்பித் தாள் விடுகிறது. அப்போது மருந்து கீழே சரியாக இறங்காது. மேல் தாள் காயும், மண்ணுக்கு அடியில் ஓடும் அடித்தண்டு பிழைத்துக்கொள்ளும். போன ஆண்டு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

தோட்டக்காரி:
ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். விரலால் அடியைக் கிளறி மெதுவாக இழுங்கள். மெல்லிய நார்வேர்க் கொத்தோடு முழுதாக வந்தால் பெரும்பாலும் ஓராண்டுப் புல். வெள்ளையாக, விறைப்பாக, நுனி கூராக ஒரு தண்டு கிடைமட்டமாகக் கல்லுக்கு அடியில் ஓடி, பாதியில் முறிந்தால் அது பல்லாண்டுப் புல். அந்தத் தண்டில் கணுவுக்குக் கணு ஒரு மொட்டு இருக்கும். முறிந்த துண்டு ஒவ்வொன்றும் தனிச் செடியாக வரும். அப்படியானால் தெளிப்பதற்கு முன் வெட்டவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். மருந்தை வாங்கிக்கொள்ள இலை வேண்டுமே.

தெளிப்பான்:
தண்ணீரை யாரும் கேட்கவில்லையே! என் அனுபவத்தில் பாதித் தோல்விகளுக்குத் தண்ணீர்தான் காரணம். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கிளைபோசேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உழவர்கள் அம்மோனியம் சல்பேட் கலப்பது அதற்காகத்தான். கலங்கல் நீரும் ஆகாது, ஏனென்றால் மண் துகளில் அது ஒட்டிச் செயலிழந்துவிடும். வண்டிப்பாதையில் இன்னொரு தொல்லையும் உண்டு. வண்டி கிளப்பும் புழுதி தாள்மேல் படிந்திருந்தால் மருந்து அந்தப் புழுதியிலேயே தங்கிவிடும். மழை பெய்து கழுவி, தாள் காய்ந்த மறுநாள் காலை அடித்தால் நல்லது.

மூத்தவேர்:
கடைப் புட்டியைத் திறந்து ஒரு வண்டிப்பாதைக்கு அடிக்கிறவரிடம் அம்மோனியம் சல்பேட் பேசுகிறீர்கள். முதலில் அவர் என்ன வாங்கினார் என்று சொல்லட்டும்.

தெளிப்பான்:
புட்டி நேரடியாகத் தெளிக்கிற வகையா, தண்ணீரில் கலக்கிற வகையா என்று அவர் சொல்லவே இல்லை, ஐயா. கலக்கிற வகை என்றால் நான் சொன்னது பொருந்தும்.

பசுந்தாள்:
கிளைபோசேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியிருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் வாசலில் அடிக்கச் சொல்வதற்கு முன் இதையும் சொல்லுங்கள். கொதிநீர் ஊற்றினால் போதாதா?

மூத்தவேர்:
அதே பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் மேலும் 10 ஆண்டுக்கு அனுமதி நீட்டித்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பசுந்தாள்:
அனுமதி இருப்பதாலேயே தேவை இருக்கிறது என்று ஆகிவிடாது. கல் இடுக்கில் நாலு புல்லுக்கு இது தேவையா என்பதுதான் என் கேள்வி. பாதையில் விழும் மருந்து மழையோடு வடிகாலுக்குப் போகிறது. அங்கிருந்து ஓடைக்குப் போகிறது.

கல்மேடை:
அதனால்தான் வினிகர் என்றேன்.

தோட்டக்காரி:
கல்மேடை, சமையலறை வினிகரில் அசெட்டிக் அமிலம் 5 சதவீத அளவில்தான் இருக்கும். அது பட்ட இடத்தை மட்டும் எரிக்கும். இளம் நாற்றுப் புல்லுக்குச் சரி, அடித்தண்டு உள்ள புல் மறுபடி தளிர்க்கும். கொதிநீரும் அப்படித்தான். தோட்டக் கடைகளில் விற்கும் 20 சதவீத வினிகரைக் கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடக்கூடாது, கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உப்பு அதைவிடக் கெடுதல். மண்ணில் தங்கி ஓரத்துச் செடிகளை வாட்டும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பசுந்தாள் சொன்ன வடிகால் விஷயம் உண்மை. அதனால்தான் பாதை முழுவதும் நனைக்காமல் புல்லின் மேல் மட்டும், காற்றில்லாத காலையில், மழை வராத நாளில் அடிக்கச் சொல்கிறோம்.

வாசல்மரம்:
எல்லோருக்கும் நன்றி. சரளைக்கல் பாதை. உறைபனி நின்றுவிட்டது. புல் விரல் நீளம். இழுத்தேன், வெள்ளைத் தண்டு முறிந்துதான் வந்தது. புட்டியில் கிளைபோசேட், இமாசாபைர் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஓர் ஆண்டு வரை புல் வராது என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கிறது. போன ஆண்டு அடித்தது வேறு. பாதை ஓரத்தில் பெரிய மரம் ஒன்று இருக்கிறது, அதற்கு எதுவும் ஆகாதே?

தோட்டக்காரி:
அடிக்காதீர்கள்! இமாசாபைர் மண்ணில் மாதக்கணக்கில் தங்கும், வேர் வழியாகவும் ஏறும், மழைநீரோடு நகரும். மரத்தின் வேர், கிளைகள் கவிந்த எல்லையைத் தாண்டியும் ஓடியிருக்கும். உங்கள் சரளைக்கு அடியிலும் நிச்சயம் இருக்கும். அந்த மருந்து மரத்தையே கொன்றுவிடக்கூடும். கிளைபோசேட் மட்டும் உள்ள புட்டியை வாங்குங்கள். அது மண்ணில் பட்டதும் ஒட்டிக்கொண்டுவிடும், வேர் வழியாக மரத்துக்கு ஏறாது. மரத்தடியில் கிளம்பும் இளந்தளிர்களிலும் பட்டையிலும் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூத்தவேர்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேர் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. மரம் இருப்பதை எல்லோரும் கடைசியில்தான் சொல்கிறார்கள். தோட்டக்காரி சொன்னது சரி. புல் விரல் நீளம் என்றால் இன்னும் பொறுங்கள். விருந்தினர் வருவதற்குள் எப்படியும் காயாது. பல்லாண்டுப் புல்லில் மஞ்சள் தெரியவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், குளிர் இருந்தால் இன்னும் தாமதமாகும். ஒரு சாண் வந்ததும் ஒரு முறை, மிஞ்சியது தளிர்த்தால் கோடையில் ஒரு முறை. இலையுதிர்காலத் தொடக்கத்தில் புல் உணவை வேருக்கு இறக்கும்போது இன்னொரு முறை அடித்தால் அதுதான் கடைசி அடியாக இருக்கும்.

தெளிப்பான்:
அடித்தபின் எவ்வளவு நேரம் மழை படாமல் இருக்க வேண்டும் என்று புட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றுக்கு அரை மணி நேரம் போதும், சிலவற்றுக்கு 6 மணி நேரம் வேண்டும். உங்கள் வீட்டில் கடின நீரா?

வாசல்மரம்:
புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மரம் அப்பா வைத்தது. புல் வளரட்டும் என்று விட்டுவிட்டேன், விருந்தினர் புல்லின் மேலேயே வண்டியை நிறுத்தட்டும்.

தெளிப்பான்:
தண்ணீர் கடின நீரா என்று சொல்லவில்லையே?